விலங்கியல் படிக்கும் மகளுக்கு வேதம் தடையா?

மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தகப்பனார் கேட்டிருக்கிறார். அவர் மகள் மதுரையில் விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். சபை வாலிபர் கூட்டத்துக்கு வந்த நற்செய்தி ஊழியர் ஒருவர், பூமிக்கு வயது ஆறாயிரம்தான், பரிணாமத்தை ஏற்கிறவன் கிறிஸ்தவனே இல்லை என்று பேசிவிட்டுப் போயிருக்கிறார். "அப்ப பரீட்சையில நான் பொய்யா எழுதுறேன்?" என்று பெண் வீட்டில் கேட்கிறாளாம். இன்னொன்று, ஞாயிற்றுக்கிழமை காலையில் சிநேகிதிகளோடு கண்மாய் சுத்தம் செய்யப் போய்விடுகிறாள், ஆராதனை தவறுகிறது. "இந்தப் பூமி எப்படியும் அக்கினியில வேகப்போகுது, அதைக் கூட்டிப் பெருக்கி என்ன ஆகப்போகுது?" என்று அதே ஊழியர் சொன்னாராம். எல்லாவற்றுக்கும் பதில் வேண்டும் என்கிறார்.

ஐயா, நான் முப்பது வருஷத்துக்கு மேல் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்தவன். ஞாயிற்றுக்கிழமைகளில் சபையில் சின்னப் பிள்ளைகளுக்கு ஆதியாகமமும் சொல்லிக்கொடுத்தேன். இரண்டையும் இதே வாயால்தான் சொன்னேன். உங்கள் மகளின் கேள்வியோடு என் மேசை முன்னால் வந்து நின்ற பிள்ளைகள் நிறையப் பேர். சிலர் அழுததும் உண்டு.

முதலில் அந்த ஆறாயிரம். அது வேதத்தில் எந்த வசனத்திலும் இல்லை, தேடிப் பாருங்கள். அயர்லாந்தில் ஜேம்ஸ் அஷர் என்று ஒரு பேராயர் இருந்தார். ஆதாம் எத்தனை வயதில் சேத்தைப் பெற்றான், சேத் எத்தனை வயதில் ஏனோசைப் பெற்றான் என்று வம்ச அட்டவணையைக் கூட்டிக்கொண்டே வந்து, ராஜாக்களின் காலத்தோடு பொருத்தி, உலகம் கி.மு. 4004 அக்டோபரில் தொடங்கியது என்று 1650-ல் எழுதினார். அந்தக் காலத்துக்கு அது பெரிய படிப்பு, நான் கேலி செய்ய மாட்டேன். 1701-லிருந்து ஆங்கில வேதாகமத்தின் பக்க ஓரத்தில் அவருடைய ஆண்டுகளை அச்சடித்தார்கள். ஓரத்தில் இருந்தது நாளாக நாளாக வசனம் மாதிரியே ஆகிவிட்டது. இப்போது யூடியூபில் ஓடுகிற வாதங்களின் வேர் இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. 1961-ல் அமெரிக்காவில் ஒரு வேத ஆசிரியரும் ஒரு நீரியல் பொறியாளரும் சேர்ந்து ஒரு புத்தகம் எழுதினார்கள். பாறை அடுக்குகளையெல்லாம் நோவா காலத்து வெள்ளமே படியவைத்தது என்பது அதன் வாதம். நம் ஊழியர்கள் பலர் அதைத்தான், எங்கிருந்து வந்தது என்று தெரியாமலே, ஆதித் திருச்சபையின் விசுவாசம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆதித் திருச்சபை என்ன சொன்னது? வட ஆப்பிரிக்காவில் ஆயராக இருந்த அகஸ்டின் 5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, ஆதியாகமத்தின் ஆறு நாளை நம் சூரிய நாளாக எடுக்க முடியாது என்று எழுதிவிட்டார். காரணம் எளிது. சூரியன் படைக்கப்படுவது நாலாம் நாள். அதற்கு முன்னால் மூன்று சாயங்காலமும் மூன்று விடியற்காலமும் எப்படி வந்தன? அவர் இன்னொன்றும் சொன்னார். அதை நம் வாலிபர் கூட்டங்களில் வாசித்துக் காட்டினால் நல்லது. வானம், நட்சத்திரம், மிருகம், செடி பற்றி நன்றாகத் தெரிந்த ஒரு புறமதத்தவன் முன்னால், ஒரு கிறிஸ்தவன் வேதத்தின் பெயரால் உளறினால், அந்த ஆள் உயிர்த்தெழுதலைப் பற்றி நாம் சொல்வதை மட்டும் எப்படி நம்புவான் என்று கேட்டார். பரிணாமத்தைச் சொன்ன டார்வினின் நூல் வந்தது 1859-ல். அகஸ்டின் பேசியது அதற்கு 1,400 வருஷத்துக்கு மேல் முன்னால். விஞ்ஞானத்துக்குப் பயந்து நாம் வசனத்தை வளைக்கிறோம் என்கிற குற்றச்சாட்டு இங்கேயே நிற்காமல் போய்விடுகிறது.

நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். எங்கள் ஆலயத்தில் பலிபீட மேடைக்கு மெருகேற்றிய கல் பதித்திருக்கிறது. மேலூர்ப் பக்கத்துக் குவாரிக் கல்தான். சபையார் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வாங்கினோம். வெளிர் நிறத்தில் கருங்கோடுகள் ஓட, நடுநடுவே மாதுளை முத்து மாதிரி சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். அவை கார்னெட் மணிகள். கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் பாறை வெந்தால் வருகிறவை. இந்த வட்டாரத்துப் பாறைத் தொகுதிக்கு உலகம் முழுக்கப் புவியியலாளர்கள் 'மதுரை பிளாக்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். இந்தியா, ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், அண்டார்டிகா எல்லாம் ஒரே நிலமாக ஒட்டிக்கொண்ட காலத்தில், ஏறக்குறைய 55 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தப் பாறைகள் பூமிக்கடியில் வெந்து உருமாறின. கல்லுக்குள் இருக்கும் ஜிர்கான் என்ற துளி மணியில் யுரேனியம் எவ்வளவு ஈயமாக மாறியிருக்கிறது என்று அளந்துதான் இதைச் சொல்கிறார்கள். பூமியின் வயது 454 கோடி ஆண்டுகள் என்பதும் இதே மாதிரிக் கணக்குதான். போன வருஷம் எங்களுக்கும் ஒரு ஊழியர் வந்தார். அந்தக் கல்லின் மேல் நின்றுகொண்டுதான் ஆறாயிரம் வருஷம் என்றார். நான் அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கார்பன் டேட்டிங் எல்லாம் நம்ப முடியாது சார்" என்பார்கள். சரி, கீழடிக்கு கி.மு. 6-ஆம் நூற்றாண்டு என்று தேதி வந்தபோது நாம் எல்லோரும் வாட்ஸ்அப்பில் பெருமையாக அனுப்பினோமே, அது எந்த முறை? அதே கார்பன்தான். சிவகளையில் இரும்போடு கிடைத்த கரிக்கு கி.மு. 3345 என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது. அஷர் கணக்கில் நோவாவின் வெள்ளம் கி.மு. 2348. அந்தக் கரி அதற்கும் ஏறக்குறைய ஆயிரம் வருஷம் முந்தியது. தமிழன் என்றால் ஒரு கணக்கு, கிறிஸ்தவன் என்றால் வேறு கணக்கு என்று இரண்டு நோட்டு வைத்துக்கொள்ள முடியாது. (கார்பனால் ஐம்பதாயிரம் வருஷத்துக்கு மேல் அளக்க முடியாது என்பது உண்மை. பாறைக்கு யாரும் கார்பனைப் பயன்படுத்துவதும் இல்லை.)

அப்படியானால் ஆதியாகமம் பொய்யா? இல்லை. அது எதைச் சொல்ல வந்தது என்று பார்க்க வேண்டும். முதல் இரண்டு அதிகாரங்களை இன்று ராத்திரி மகளோடு உட்கார்ந்து மெதுவாக வாசியுங்கள். முதல் அதிகாரத்தில் செடி, மீன், பறவை, மிருகம், கடைசியில் மனுஷன். இரண்டாம் அதிகாரத்தில் முதலில் ஆதாம், பிறகு மரங்கள், பிறகு மிருகங்கள், கடைசியில் ஏவாள். வரிசை மாறுகிறது. தொகுத்தவர்களுக்கு இது கண்ணில் படாமலா போயிருக்கும்? தெரிந்தேதான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். எந்த வரிசையில் நடந்தது என்பது அவர்களுடைய கேள்வியாக இருக்கவில்லை. சுற்றியிருந்த ராஜ்யங்களில் சூரியனும் சந்திரனும் தெய்வங்கள். இந்தப் பக்கத்தில் அவை வெறும் "பெரிய சுடர்", "சிறிய சுடர்". இதெல்லாம் யாருடையது, நாம் இதில் யார் என்பதைத்தான் அந்த அதிகாரங்கள் பேசுகின்றன.

இன்னொரு இடமும் உண்டு. "ஜலமானது திரளாய் ஜநிப்பிக்கக்கடவது" என்று தேவன் சொல்கிறார். தண்ணீரைப் பார்த்து, நீ பிறப்பி என்கிறார். பூமியைப் பார்த்தும், முளைப்பி என்கிறார். படைப்பு என்றால் மந்திரவாதி தொப்பியிலிருந்து முயலை எடுப்பது போல என்று நினைப்பவர்கள் இந்த வினைச்சொற்களைக் கவனிப்பதில்லை. பரிணாமம் அந்த ஜநிப்பித்தல் எப்படி நடந்தது என்று விவரிக்கிறது. அந்த விவரிப்பில் மாற்றம் வரலாம், திருத்தம் வரலாம். நாளைக்கு உங்கள் மகளே திருத்தலாம். பரீட்சையில் அவள் எழுதுவதில் பொய் ஒன்றும் இல்லை. தைரியமாக எழுதட்டும்.

இதில் அவள் தனியாளும் இல்லை. பட்டாணிச் செடியில் மரபுக் கணக்கைக் கண்டுபிடித்து 1866-ல் வெளியிட்ட மெண்டல் ஒரு துறவி. பிரபஞ்சம் விரிந்துகொண்டே போகிறது, ஒரு புள்ளியிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும் என்று 1927-லும் 1931-லும் எழுதிய ழார்ஜ் லெமேத்ர் பெல்ஜியத்துப் பாதிரியார். பரிணாமம் வெறும் ஊகத்துக்கு மேலானது என்று போப் இரண்டாம் ஜான் பால் 1996-லேயே சொல்லிவிட்டார். கொடைக்கானலுக்குப் போகிற வழியில் செண்பகனூரில் இயேசு சபையாரின் அருங்காட்சியகம் இருக்கிறதே, பிள்ளைகளாக இருந்தபோது பாடம் பண்ணிய மிருகங்களைப் பார்த்து மிரண்டிருப்போமே, அது சாமியார்கள் சேர்த்த விஞ்ஞானம். தமிழகத்துத் தாவரங்களைப் பட்டியலிட்ட கே.எம். மேத்யூ ஒரு இயேசு சபைக் குரு; பழனி மலைத் தாவரங்களுக்கென்று தனி நூலே எழுதியவர். மதுரையில் அமெரிக்கன் கல்லூரியும் லேடி டோக் கல்லூரியும் மிஷனரிகள் தொடங்கியவைதான். இரண்டிலும் விலங்கியல் துறை உண்டு. அங்கே டார்வினை விட்டுவிட்டா பாடம் நடக்கிறது?

எதிர்ப்பக்கத் தவறையும் சொல்லிவிடுகிறேன், அதுவும் நம் மேடைகளில் அதிகம். "பூமியை அந்தரத்திலே தொங்கவைக்கிறார் என்று யோபுவில் அன்றைக்கே இருக்கிறது, விஞ்ஞானம் இன்றைக்குத்தான் கண்டுபிடித்தது" என்பார்கள். யோபு 26-ல் ஏழாம் வசனம் அது. அப்படியே பதினோராம் வசனத்துக்கு வந்தால் "வானத்தின் தூண்கள்" அதிர்கின்றன. தூணை எங்கே கொண்டுபோய் வைப்பது? கவிதையைக் கவிதையாக வாசித்தால் இரண்டும் அழகு.

கடினமான கேள்வி ஒன்று இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. பாவத்தினால்தான் மரணம் வந்தது என்று பவுல் ரோமர் 5-ல் எழுதுகிறார். மனுஷன் வருவதற்கு முன்பே கோடிக்கணக்கான வருஷம் மிருகங்கள் செத்துக்கொண்டிருந்தால் அது எப்படி? சபைகள் இதற்கு ஒரே பதில் சொல்லவில்லை. பவுல் பேசுவது மனுஷனுடைய மரணத்தை, தேவனை விட்டுப் பிரிந்த நிலையை என்பது பலருடைய வாசிப்பு, என்னுடையதும் அதுதான். சங்கீதம் 104-ல் சிங்கக்குட்டிகள் இரைக்காகக் கெர்ச்சித்து தேவனிடத்தில் ஆகாரம் கேட்கின்றன. இரை என்றால் இன்னொரு மிருகம். சங்கீதக்காரன் அதைச் சாபமாகப் பாடவில்லை, ரசித்துப் பாடுகிறான். ஆதாம் ஒரு தனி மனுஷனா, மனுக்குலத்தின் பெயரா என்பதிலும் நல்ல விசுவாசிகள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். உங்கள் மகள் இருபது வயதில் இதைத் தீர்க்க வேண்டியதில்லை. எனக்கு எழுபது ஆகிறது, இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஆனால் ஒன்று. மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பனின் ஆய்வில், உசிலம்பட்டிப் பக்கம் ஜோதிமாணிக்கம் ஊரில் எம்130 என்ற மரபணு அடையாளம் கிடைத்தது. ஐம்பதாயிரம் வருஷத்துக்கும் முன்னால் ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாக நடந்து ஆஸ்திரேலியா வரை போனவர்கள் விட்டுச்சென்ற அடையாளம் அது. "மனுஷஜாதியான சகல ஜனங்களையும் ஒரே இரத்தத்தினாலே" தோன்றப்பண்ணினார் என்று அப்போஸ்தலர் நடபடிகள் சொல்வதை ஆய்வகமும் சொல்கிறது. நாம்தான் கல்லறைத் தோட்டத்தில் சாதிக்கொரு மூலை வைத்திருக்கிறோம். ஊழியர் அதைப் பற்றி ஏதாவது பேசினாரா?

சரி, கண்மாய்க்கு வருவோம்.

"பூமியை நிரப்பி, அதைக் கீழ்ப்படுத்தி... ஆண்டுகொள்ளுங்கள்" என்ற வசனத்தைத்தான் எல்லோரும் பிடித்துக்கொள்கிறார்கள். லின் ஒயிட் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் 1967-ல், சுற்றுச்சூழல் நாசத்துக்கு இந்த மாதிரிக் கிறிஸ்தவச் சிந்தனையே பெரிய காரணம் என்று எழுதினார். சபைகளில் பலருக்குக் கோபம் வந்தது. எனக்கு அவர் பாதியாவது சரி என்றுதான் படுகிறது. கொடைக்கானலில் முதல் பங்களாக்களை 1845-ல் கட்டியது மதுரையிலிருந்து போன அமெரிக்க மிஷனரிகள். அப்புறம் வந்த காலத்தில் அந்த மலையின் புல்வெளிகளைச் சும்மா கிடக்கிற நிலம் என்று எண்ணி வாட்டில், பைன், யூகலிப்டஸ் மரங்களை நட்டார்கள். மழையைப் பஞ்சு மாதிரி உறிஞ்சி வைத்து ஓடைகளுக்கு விடுவது அந்தப் புல்லும் சோலையும்தான். மஞ்சளாறும் வராகநதியும் அங்கிருந்து இறங்கித்தான் வைகையில் சேருகின்றன. ஆளத் தெரியாமல் ஆண்டால் இப்படித்தான் ஆகும்.

'ஆண்டுகொள்' என்று நாம் வாசிக்கிற எபிரெயச் சொல் ராஜாக்களுக்குச் சொல்வது. எசேக்கியேல் 34-ல் அதே சொல் வருகிறது. அங்கே மந்தையைக் கொடுமையாக ஆண்ட மேய்ப்பர்களைத் தேவன் திட்டுகிறார். எளியவனுக்கு நியாயம் செய்கிற ராஜாவைப் பாடும் சங்கீதம் 72-லும் அதுவே. ஆதியாகமம் இரண்டாம் அதிகாரத்தில், ஏதேன் தோட்டத்தில் ஆதாமை வைத்தது "அதைப் பண்படுத்தவும் காக்கவும்". அங்கே பண்படுத்துவதற்கு மூலத்தில் வருகிற சொல்லுக்கு ஊழியம் செய்வது என்றும் பொருள்.

எனக்கு இது என் தாத்தா ஊர் நீர்பாய்ச்சியை வைத்துத்தான் புரிந்தது. கண்மாய்த் தண்ணீர் பாயும் ஆயக்கட்டில் அந்த நீர்பாய்ச்சிக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. ஆனால் மடையைத் திறப்பதும் அடைப்பதும் அவர்தான். ராத்திரி ஒரு மணிக்கும் தோளில் மம்பட்டியோடு அரிக்கேன் விளக்கு வரப்பில் போகும். நாங்கள் திண்ணையில் படுத்தபடி அந்த வெளிச்சம் நகர்வதைப் பார்ப்போம். அவர் சொன்னால் எத்தனை பெரிய வீட்டுக்காரரும் தன் வயலுக்குத் தண்ணீர் வரும் வாமடையை அடைத்தாக வேண்டும். தாத்தா ஒரு தடவை முறை மீறித் தண்ணீர் வைத்துக்கொண்டதற்கு, அவர் வந்து ஒரு வார்த்தை பேசாமல் நாலே வெட்டில் மண்ணை அள்ளி அடைத்துவிட்டுப் போனார். தாத்தா பெரிய மனுஷர்தான், ஒன்றும் சொல்லவில்லை. கடைமடை வயல் காய்ந்தால் கெட்ட பெயர் நீர்பாய்ச்சிக்கு. அதனால் முறை வைக்கும்போதே அவர் கண் கடைமடையில்தான் இருக்கும். அறுப்பில் ஒவ்வொரு வயலிலும் அவருக்கென்று ஒரு கட்டு. அவ்வளவுதான் சம்பளம். ஆதாமுக்குக் கிடைத்த ஆளுகை இந்த மாதிரி ஒன்று என்று வைத்து அந்த வசனத்தை மறுபடி வாசித்துப் பாருங்கள்.

நிலம் யாருடையது என்பதிலும் வேதத்துக்குச் சந்தேகமே இல்லை. லேவியராகமம் 25-ல், "தேசம் என்னுடையதாயிருக்கிறபடியால், நீங்கள் நிலங்களை அறுதியாய் விற்கவேண்டாம்" என்று இருக்கிறது; நீங்கள் என்னிடத்தில் புறக்குடிகள் என்றும் சொல்கிறார். பட்டா நம் பெயரில் இருந்தாலும் நாம் புறக்குடிதான். ஏழு வருஷத்துக்கு ஒருமுறை நிலத்துக்கே ஓய்வு கொடுக்கச் சொல்லியிருக்கிறது. கூட்டில் தாய்ப்பறவையும் குஞ்சும் இருந்தால் தாயைப் பிடிக்காதே என்கிறது உபாகமம் 22. முற்றுகை போட்ட ஊரிலும் கனிமரத்தை வெட்டாதே என்கிறது 20-ஆம் அதிகாரம். "பலுகிப் பெருகி" என்கிற ஆசீர்வாதம் மனுஷனுக்கு முன்னால், ஐந்தாம் நாளிலேயே, மீனுக்கும் பறவைக்கும் கொடுக்கப்பட்டுவிட்டது. ஆதியாகமம் 1:22. கல்யாண வீட்டில் நமக்கு வாசிப்பதெல்லாம் 28-ஆம் வசனம் மட்டும்தான்.

'அக்கினியில் வேகப்போகிறது' என்பதற்கு ஊழியர் காட்டுவது 2 பேதுரு 3:10. நம் பழைய மொழிபெயர்ப்பில் பூமி "எரிந்து அழிந்துபோம்" என்று இருக்கிறது. இன்று கிடைக்கிற மிகப் பழைய கிரேக்கப் பிரதிகளில் அந்த இடத்தில் 'கண்டறியப்படும்' என்கிற பொருள்படும் சொல் இருக்கிறது. கணக்குக் கேட்கும் நாளில் எல்லாம் வெளியே தெரிந்துவிடும் என்பது போல. அது வேண்டாம், எரியும் என்றே வைத்துக்கொள்வோம். நம் உடம்பும் ஒருநாள் மண்ணுக்குத்தான் போகப்போகிறது. அதற்காக யாரும் குளிக்காமல் இருப்பதில்லை. வெளிப்படுத்தின விசேஷம் 11:18-ல் கடைசி நாளில் யாருக்குத் தண்டனை என்று ஒரு வரி இருக்கிறது: "பூமியைக் கெடுத்தவர்களைக் கெடுக்கிறதற்கும்". இதை வைத்து ஒரு பிரசங்கம் நான் இதுவரை கேட்டதில்லை.

உங்கள் வட்டாரத்துக்காரர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதே இல்லை. அரிட்டாபட்டியை 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். ஏழு மலை, சுற்றிலும் கண்மாய்கள், சுனைகள், சுமார் 250 வகைப் பறவைகள், தேவாங்கு, அலங்கு என்கிற எறும்புத்தின்னி. இரண்டே வருஷத்தில் அதையும் சேர்த்து டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்கள். மக்கள் எழுந்தார்கள், 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அந்த ஊர்க்காரர்கள் நம் சபையார் இல்லை. ஆனால் ஆதாமுக்குச் சொன்ன 'காக்கவும்' என்ற வேலையை அவர்கள் செய்தார்கள், நம் சபைகள் பல தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தன. மாணவர்களோடு ஒருமுறை அந்த மலைக்குப் போயிருந்தோம். பாறை விளிம்பிலிருந்து ஒரு வல்லூறு இறக்கையை மடக்கிக் கல் மாதிரி விழுந்து, கண்மாய்க் கரைக்கு ஒரு பனை உயரத்தில் விரித்து நிமிர்ந்தது. பிள்ளைகள் யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. யோபு 39-ல் தேவன் கேட்கிறாரே, உன் புத்தியினாலேயா ராஜாளி பறக்கிறது என்று, அதை நான் அன்றைக்கு வாய்விட்டுச் சொல்லவில்லை. வகுப்பில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள்.

நம் வீட்டுக் குறையையும் சொல்ல வேண்டும். எங்கள் சபை அறுப்பின் பண்டிகையில் முதற்பலனாகப் பூசணி, வாழைத்தார், சேவல் எல்லாம் வந்து குவியும். ஒரு எலுமிச்சம்பழம் ஏலத்தில் எகிறும்போது வருகிற சிரிப்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும். நன்றி செலுத்துவது மண்ணுக்கும் மழைக்கும். ஆனால் மேடை அலங்காரம் தெர்மாகோல், வாசலில் ஃப்ளெக்ஸ், பிரியாணி பிளாஸ்டிக் பூசிய தட்டில். மறுநாள் அத்தனையும் பக்கத்து வாய்க்காலில் கிடக்கும். வாய்க்கால் போய்ச் சேருவது ஒரு கண்மாயில். உங்கள் மகளும் சிநேகிதிகளும் குனிந்து பொறுக்குவதில் எங்கள் பண்டிகைத் தட்டு ஒன்றிரண்டு இருந்தாலும் இருக்கும்.

ஆராதனை தவறுவது பற்றி உங்கள் வருத்தம் நியாயம்தான், அது லேசான விஷயம் என்பதுபோல் அவளிடம் பேசிவிடாதீர்கள். அந்தக் குழுவிடம் சனிக்கிழமைக்கு மாற்ற முடியுமா என்று கேட்கட்டும். முடியாதென்றால் மாதத்தில் ஒரு ஞாயிறு போகட்டும். அன்றைக்கு மாலை ஆராதனைக்கு வரட்டும். உங்கள் ஆயரிடம் நீங்களே போய், வாலிபர் ஐக்கியமே ஒருநாள் அங்கே போகலாமா என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள், யாரும் கேட்பதில்லை என்பதுதான் விஷயம். நீங்களும் ஒருமுறை கூடப் போங்கள். சீமைக்கருவேலம் வெட்டுவதாக இருந்தால் கெட்டிக் கையுறை வாங்கிக்கொள்ளுங்கள். அந்த முள் குத்தினால் ஒரு வாரம் கடுக்கும்.